கடை, ஓட்டல், பட்டறையில் கரண்ட் செலவைக் குறைக்க: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது

கடைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "சோலார் போட்டா எவ்வளவு மிச்சமாகும் சார்?" அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இந்த வழிகாட்டியின் ஒன்பது வேலைகளை முடிக்கச் சொல்கிறேன். 10 கிலோவாட் இழுக்கிற கடையில் வீணாவதை நிறுத்தினால் 6 கிலோவாட் போதும் என்று தெரியவரும். முதலிலேயே சோலார் போட்டவர் அந்த மீதி 4 கிலோவாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டிருப்பார்.

சென்னையில் சிறு அலுவலகம், ஓட்டல், ஜவுளிக்கடை, லேத் பட்டறை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். உங்கள் தொழிலுக்குப் பொருந்தாத பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த ஒரு வருட ஈ.பி. பில். தாழ்வழுத்த இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு. தொலைத்துவிட்டிருந்தாலும் சர்வீஸ் நம்பரை வைத்து மின்வாரிய இணையதளத்தில் பழைய கணக்கை எடுத்துவிடலாம்.

ஒரு நோட்டு, ஒரு பேனா. அரை நாள் வேலைக்கு, கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கருவி) வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் ஒருவர். வாடகைக் கட்டடம் என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை. மொட்டை மாடி, வெளிச்சுவர், மெயின் போர்டு இவற்றில் கை வைக்க அவர் சம்மதம் வேண்டியிருக்கும். சப்-மீட்டரில் கரண்ட் எடுப்பவர்களுக்கும் இதே முறைதான்.

2. ராத்திரி ரீடிங் எடுங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடையைப் பூட்டும்போது மீட்டரில் ஓடும் யூனிட் எண்ணை எழுதுங்கள். டிஜிட்டல் மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.ஹெச். என்று காட்டுகிற எண்தான் வேண்டும். காலையில் திறந்ததும், ஒரு ஸ்விட்ச்கூடப் போடாமல், மறுபடி எழுதுங்கள். ஏழு நாள் இப்படி.

ஆள் இல்லாத கடை எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொல்லிவிடும். சூளைமேட்டில் ஒரு சின்ன அலுவலகம், ஃப்ரிட்ஜ்கூடக் கிடையாது. ராத்திரிக்குப் பதினொரு யூனிட் ஓடியது. மாதத்துக்கு 330 யூனிட், யாருக்கும் பயனில்லாமல். தேடிப் பார்த்தால் சர்வர் வைத்த சின்ன அறையில் ஏசி 18 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் டிஸ்பென்சர் விடிய விடிய வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தது. வாசல் போர்டு விளக்கு காலை ஒன்பது மணிக்கும் எரிந்தது.

ரீடிங் கிடைத்ததும் ஒவ்வொரு பிரேக்கராக அணைத்து, கிளாம்ப் மீட்டரில் எது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். ஊகித்துப் பட்டியல் போடாதீர்கள். ஊகத்தில் எல்லோரும் விளக்கைத்தான் சொல்வார்கள். மீட்டரில் மாட்டுவது ஏசியும் ஃப்ரீசரும் ஹீட்டரும்.

3. பில்லைப் படியுங்கள்

மூன்று விஷயங்கள் போதும்.

முதலாவது, அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் இழுக்கலாம் என்று உங்கள் இணைப்புக்கு எழுதிய அளவு. வணிக இணைப்பில் நிலைக் கட்டணம் இதை வைத்துத்தான். பழைய வாடகைதாரர் பெரிய லோடு வாங்கியிருப்பார். நீங்கள் அதில் பாதியைக்கூடத் தொடாமல் ஒவ்வொரு பில்லிலும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் இப்போதே விண்ணப்பிக்காதீர்கள். மற்ற வேலைகள் முடிந்து, ஒரு கோடைக்காலம் பார்த்துவிட்டு, அந்த உச்ச லோடை வைத்துக் கேளுங்கள். அவசரப்பட்டுக் குறைத்தவர்கள் மே மாதத்தில் லோடு தாண்டிக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்பதன் அளவு. மோட்டார் நிறைய உள்ள பட்டறைக்கு இது முக்கியம். பெரிய லோடு உள்ள தாழ்வழுத்த இணைப்புக்கு 0.85, உயர் அழுத்த இணைப்புக்கு 0.90. இதற்குக் கீழே போனால் இழப்பீட்டுக் கட்டணம் விழும். கெட்டுப்போன கெபாசிட்டரை மாற்றினாலே பல இடங்களில் சரியாகிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ப்ளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டரும் ஒரு எல்.இ.டி. விளக்கும்தான். சிறு கடையின் மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது. அந்தப் பெட்டியால் யூனிட் குறையாது. வாங்காதீர்கள்.

மூன்றாவது, கட்டண வகை. இணைப்பு எந்த வகையில் இருக்கிறது, நீங்கள் செய்யும் தொழிலுக்கு அது சரிதானா என்று ஒரு முறை பாருங்கள்.

4. காசு செலவில்லாததை ஒரு வாரத்தில் முடியுங்கள்

ராத்திரி ரீடிங்கில் மாட்டியவற்றை முதலில் நிறுத்துங்கள். டிஸ்பென்சரின் வெந்நீர் ஸ்விட்ச், போர்டு விளக்கு, கம்ப்யூட்டர் திரை, ஸ்டெபிலைசர். போர்டு விளக்குக்கு ஒரு டைமர் வாங்கிப் போட்டால் மறதிக்கே இடமில்லை.

இதற்கு ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். "எல்லாரும் பார்த்து ஆஃப் பண்ணுங்கப்பா" என்று சொன்ன கடையில் யாரும் அணைத்ததில்லை. பூட்டிவிட்டுப் போகிற தம்பியிடம் நோட்டைக் கொடுங்கள். ராத்திரி ரீடிங் எழுதுவதும் அவர் வேலை. எண் குறைவதை அவரே பார்க்கும்போது அக்கறை தானாக வந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து ரீடிங்கைப் பாருங்கள். குறையாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், எதையோ விட்டிருக்கிறீர்கள்.

5. ஏசி

சென்னையில் அலுவலகம், ஜவுளிக்கடை இரண்டுக்கும் பில்லின் பெரும்பங்கு இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

செட்டிங்கை 24-க்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசியின் செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் துவங்கும்படி வருகின்றன. ஃபேனையும் சேர்த்துப் போட்டால் 26-லேயே உடம்புக்குப் போதும். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை எல்லாக் கடையிலும் இருக்கிறது. அறை 24-க்கு வர ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். 16-ல் வைத்தால் அதற்குப் பிறகும் நிற்காமல் ஓடும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். ஜவுளிக்கடையில் பஞ்சுத்தூசி அதிகம். அங்கே வாரம் ஒரு முறை.

அடுத்து, அவுட்டோர் யூனிட்டை நேரில் போய்ப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. நம் ஊர்ச் சந்துகளில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே நான்கைந்து யூனிட்டை அடுக்கி, ஒன்று ஊதும் அனலை இன்னொன்று இழுக்கும்படி மாட்டியிருப்பார்கள். திருட்டுப் பயத்தில் நெருக்கமான கம்பிக்கூண்டு வேறு. சூடான காற்றை இழுக்கிற யூனிட் கூடுதல் கரண்ட் குடிக்கும். திசையைத் திருப்பி மாட்ட ஒரு நாள் வேலைதான். பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரிக் கடலோரப் பகுதியில் உப்புக்காற்றில் தகடு அரித்துப் பொடியாகும். அங்கே வருடத்துக்கு இரண்டு முறையாவது தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

கேஸ் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். "வருஷா வருஷம் ஏப்ரல்ல கேஸ் ஃபில் பண்ணிடுவோம் சார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அது காற்றில் போயிருக்கிறது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், பூமியைச் சூடாக்கும் விதத்தில் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், ஒரே ஒரு கேஸ் கசிவு 2,500 யூனிட் எரித்ததற்குச் சமமாகிறது. ஆகவே மெக்கானிக்கிடம் முதலில் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் கேஸ். இருக்கும் கேஸைத் திறந்துவிடாமல் உருளையில் பிடித்துவைக்கவும் சொல்லுங்கள்.

புது ஏசி வாங்கும்போது ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டார் அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒரு முறை இறுக்குகிறார்கள். பழைய ஐந்து ஸ்டாரும் புதிய ஐந்து ஸ்டாரும் ஒன்றில்லை. லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை ஒப்பிடுங்கள்; செலவாகும் கரண்ட்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கிறது என்பதைச் சொல்வது அது, அதிகமாக இருந்தால் நல்லது. அதில் போட்டிருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. உங்கள் கடை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் 300 நாள் ஓடினால் 3,000 மணி நேரம். அப்படியென்றால் நல்ல ஏசியின் கூடுதல் விலை, லேபிள் காட்டுவதைவிடச் சீக்கிரம் திரும்பி வரும்.

கடைசி மாடியில் இருப்பவர்கள் ஏசியின் டன்னை ஏற்றுவதற்கு முன் மாடித் தரையைப் பாருங்கள். பழைய தட்டோடு பெயர்ந்துபோய்க் கான்கிரீட் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால், எத்தனை டன் போட்டாலும் மாலை நான்கு மணிக்கு அனல் இறங்கும். வெள்ளைக் கூலிங் டைல்ஸோ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயிண்டோ முதலில் செய்ய வேண்டியது. மேற்குப் பக்கக் கண்ணாடிக்கு வெளிப்புறமாக நிழல் கொடுங்கள். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.

6. ஓட்டல் சமையலறை

நான் பார்த்த ஏசி ஓட்டல்களில் திரும்பத் திரும்ப வரும் தவறு ஒன்று. சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. உள்ளே காற்று வர வேறு வழி வைக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. எக்ஸாஸ்ட் எதை இழுக்கும்? கூடத்தின் குளிர்ந்த காற்றைத்தான். காசு கொடுத்துக் குளிர வைத்ததைக் காசு கொடுத்து வெளியே தள்ளுகிறோம். சமையலறையின் வெளிச்சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், காற்று வர ஒரு திறப்பு வையுங்கள். நடுக்கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங் போடுங்கள். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு மாதக் கரண்ட் மிச்சத்தை ஒட்டித்தான் இருக்கும்.

அடுத்து பர்னர். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரியானால், 19 கிலோ சிலிண்டரில் ஒரு பங்கு புகையாகப் போகிறது. பர்னர் துளைகளை வாரம் ஒரு முறை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது. அரிசியையும் பருப்பையும் அரை மணி முன்பே ஊற வைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுவது எல்லாம் மாஸ்டருக்குத் தெரிந்ததுதான்; காலை அவசரத்தில் நடப்பதில்லை. ஊற வைப்பது யார் என்று முதல் நாள் இரவே குறித்துவிடுங்கள்.

ஃப்ரீசர் கதவின் ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய் நோட்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடி இல்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. உள்ளே பனி அரை சென்டிமீட்டர் தடித்தால் கரைத்துவிடுங்கள். பின்பக்கக் காயிலில் மாவும் எண்ணெயும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கும், மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும். சூடான சாம்பாரை நேராக உள்ளே வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். அகலமான தட்டில் ஊற்றித் தண்ணீரில் நிறுத்தி, சீக்கிரம் ஆறவிட்டு வையுங்கள். நெடுநேரம் வெளியே விட்டால் கெட்டுப்போகும்.

7. பட்டறை

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் உள்ள பட்டறைகளுக்கு: மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு அமைதியாக நில்லுங்கள். 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். யாருமே காற்றை எடுக்காதபோது கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஆன் ஆனால், அத்தனையும் ஒழுகல். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். ஹோஸ் கிளாம்ப்பும் டெஃப்லான் டேப்பும் முக்கால்வாசியைச் சரிசெய்துவிடும்.

ஒழுகலை அடைத்த பிறகுதான் பிரஷரைக் குறைக்க முடியும். காற்று போதவில்லை என்று யாரோ ஒரு காலத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு பார் குறைத்தால் சுமார் 6 முதல் 7 சதவீதம் மிச்சம். கம்ப்ரஸர் இழுக்கும் காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; ஷீட் கூரைக்கு அடியில் மூலையில் வைத்திருந்தால், இழுக்கும் வாய்க்கு வெளியிலிருந்து ஒரு பைப் கொடுங்கள்.

மோட்டார் எரிந்தால் உடனே ரீவைண்டிங் என்பது வழக்கம். இரண்டு முறை கட்டிய மோட்டாரை மூன்றாவது முறை கட்டாதீர்கள். 10 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 60 யூனிட். சில மாதக் கரண்ட்டே மோட்டார் விலையைத் தொட்டுவிடும். விலையில் மிச்சம் பிடித்துக் கரண்ட்டில் விடுவதற்கு பதில், கரண்ட்டைக் குறைவாக வீணாக்கும் ஐ.இ.3 திறன் வகை வாங்குங்கள்.

புளோயர், பம்ப் இரண்டுக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நல்ல முதலீடு. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிறது. ஒரே வேகத்தில் முழு லோடில் ஓடும் மெஷினுக்கு அதனால் பயனில்லை.

8. விளக்கு, ஃபேன்

சோக் வைத்த பழைய ட்யூப்லைட் 45 முதல் 50 வாட், எல்.இ.டி. ட்யூப் 18 முதல் 20. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில். பத்து ஃபேன் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மெஸ்ஸில் மாற்றினால் ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். ஸ்டோர் ரூம் கடைசியில்.

கழற்றிய ட்யூப்லைட்டை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

9. தண்ணீரும் கழிவும்

தண்ணீரைச் சேமித்தால் மோட்டார் ஓடும் நேரமும் குறைகிறது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிக்கிறது. ஒரு டிரம்மில் பிடித்தால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசியிலிருந்து வழியும் தண்ணீரும் அப்படியே. அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். காயிலின் உலோகமும் தூசியும் கலந்த தண்ணீர் அது. மழைநீர்க் குழியை செப்டம்பரிலேயே தூர் வாருங்கள், வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த பிறகு ஆள் கிடைக்காது.

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் ஓட்டல் பெருங்கழிவு உற்பத்தியாளர் கணக்கில் வருகிறது. மக்கும் குப்பைக்கு ஏற்பாடு அவர்களுடைய பொறுப்பு. சின்னக் கடைகளுக்கு இரண்டு தொட்டி போதும், ஆனால் அவற்றை வைக்க வேண்டியது காய் நறுக்கும் இடத்தில். பின்வாசலில் வைத்தால் அங்கே போய்ச் சேரும்போது எல்லாம் ஒன்றாகியிருக்கும். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது; பயோடீசலுக்காக அதைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

10. இப்போது சோலார்

இரண்டு பில் வந்து, யூனிட் ஒரு நிலைக்கு இறங்கிய பிறகு அளவைத் தீர்மானியுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். சென்னையில் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் எதிர்பார்க்கலாம். மாடிக்குக் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு மணிக்குப் போய் நிழலை போட்டோ எடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் முழு வரிசையையும் பாதிக்கலாம்.

உங்கள் கரண்ட் எப்போது செலவாகிறது என்பதையும் பாருங்கள். அலுவலகத்துக்குப் பகலில்; அங்கே சோலார் நன்றாகப் பொருந்தும். மாலையில்தான் வியாபாரம் சூடுபிடிக்கும் தி.நகர் கடைக்கு அவ்வளவு பொருந்தாது. உங்களுக்குப் போக மீதியை மின்வாரிய லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்கு, வணிக இணைப்பில் கணக்கிடும் முறை வீட்டு இணைப்பு மாதிரி இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாடிச் சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான். கடைக்கும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று நினைத்துப் போட்டவர்கள் பலர். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும்; லைனில் வேலை செய்கிறவர் உயிருக்கான பாதுகாப்பு அது.

மாடித் தளத்தின் ஓட்டை ஒழுகலைப் பேனல் மாட்டுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். பிறகு அடியில் கை போகாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த காற்று நினைவிருக்கும். தாங்கும் சட்டத்துக்குக் காற்று வேகக் கணக்கு கேளுங்கள், துருப்பிடிக்காத போல்ட் கேளுங்கள். பேனலை அதிகாலையில் கழுவுங்கள். உப்பான போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு படிந்துவிடும்.

11. சரிபார்ப்பது

மே-ஜூன் பில்லை ஜனவரி-பிப்ரவரி பில்லோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். போன வருடத்தின் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள், கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும்.

கடை பெரிதாகியிருந்தால் யூனிட்டும் ஏறும். அதனால் ஓட்டலில் நூறு சாப்பாட்டுக்கு எத்தனை யூனிட், பட்டறையில் நூறு பீஸுக்கு எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். குறைந்த யூனிட்டை 0.7-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோ கரியமில வாயு குறைந்தது என்று வரும். அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்த பிறகு, நான் ரூபாய்க்கு முன்னால் இந்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.

ராத்திரி ரீடிங்கை மாதம் ஒரு முறையாவது தொடருங்கள். திடீரென்று இரண்டு யூனிட் ஏறியிருந்தால் அன்றைக்கே தேடுங்கள். பெரும்பாலும் ஃப்ரீசர் ரப்பராக இருக்கும்.